வலி இடுப்பில், வேர் வேறிடத்தில்
நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்ததால் வந்த இடுப்பு வலிக்கு முதுகிலேயே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். 1955-இல் மசாஜ் பள்ளி தொடங்கப்பட்ட பாங்காக்கின் வாட் போ கோயிலில், எண்ணெயின்றி, தளர்ந்த உடையோடு என்னை மெத்தையில் படுக்கவைத்த அம்மையார், பாதத்தில் தொடங்கித் தொடை வழியாக ஏறி, புட்டத்தின் ஆழத்தில் கட்டைவிரலை ஊன்றியபோதுதான் வலியின் வேர் எங்கிருக்கிறது என்பது புரிந்தது. அந்த இளக்கம் 3 நாளில் மறைந்துவிடவே, அவர் என் காலை மடக்கி இழுத்த அதே நிலையை வீட்டில் ஆசனமாகச் செய்யத் தொடங்கினேன். மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, இடது தொடையை மார்பை நோக்கி இழுத்தபடி 10 மூச்சு நிதானமாக விட்டு, பிறகு கால் மாற்ற வேண்டும். முழங்காலில் வலி தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆறு வாரங்களில் என்னால் தரையில் சம்மணமிட்டு உண்ண முடிந்தது.