மரபுச் செய்தியின் பிழைதிருத்தம்: மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி.என்.ஏ. இழைகளில் எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தியில் நேரும் பிழையைச் செல் "புரிந்துகொண்டு" திருத்துகிறது என்று எழுதும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. மரபணுவின் பொருள் எந்த நொதிக்கும் தெரியாது. ஈரிழைகளில் எதிரெதிரே உள்ள காரங்கள் (செய்தியின் எழுத்துகளான அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்) பொருந்துகின்றனவா, இழையின் வடிவம் கோணியிருக்கிறதா, இருக்கக் கூடாத காரம் நுழைந்திருக்கிறதா என்பவற்றை மட்டுமே நொதிகள் உணர்கின்றன.

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து மேல்நிலை மாணவர்களின் விடைத்தாள்களில் நான் அடிக்கடி காண்பது, சேதத்தையும் சடுதிமாற்றத்தையும் ஒன்றாகக் கொள்ளும் குழப்பம். குவானைனோடு இணைந்த சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசிலாகிவிடும், அது சேதம். டி.என்.ஏ.வில் யுராசிலுக்கு இடமில்லை என்பதால், அதற்கென உள்ள நொதி அதை நீக்கிவிட, எதிரிழையின் குவானைனுக்கு ஏற்பச் சைட்டோசின் மீண்டும் வைக்கப்படுகிறது. அதற்குள் இழைகள் பிரிந்து நகலாகிவிட்டாலோ, யுராசிலுக்கு எதிரே அடினைன் அமர்ந்து, அடுத்த நகலில் அடினைன்–தைமின் இணையாக நிலைத்துவிடும். ஈரிழைகளும் ஒத்துப்போன அவ்விடத்தில் குறை காண எந்த நொதியாலும் இயலாது. சடுதிமாற்றம் என்பது அதுதான்.

நகலெடுப்பில் பொருந்தாத இணை நேர்ந்தால், எந்த இழையைத் திருத்துவது? ஈ. கோலை பாக்டீரியாவில் பழைய இழை மெத்தில் எனும் வேதித் தொகுதியை அடையாளமாகப் பெற்றிருக்கும். புதியது சிறிது நேரம் அதைப் பெறாதிருக்கும், அதனால் புதியதே திருத்தப்படும். இதையே மனித செல்லுக்கும் எழுதிவிடுவது தவறு: அங்கே புதிய இழையிலுள்ள வெட்டுகளே வழிகாட்டுகின்றன.

எல்லா உயிர்களுக்கும் ஒரே பழுதுநீக்கம் என்பதும் பொருந்தாது. குறுவை நாற்றங்காலில் வெயில் காயும் நாற்றிலும், அதைப் பறிக்கும் மனிதரின் தோலிலும் புற ஊதாக் கதிர் பக்கத்துப் பக்கத்துத் தைமின்களைப் பிணைத்துவிடுகிறது. நெல்லிலுள்ள ஃபோட்டோலையேஸ் நொதி, அதே வெயிலின் நீல ஒளியைக் கொண்டு, இழையை வெட்டாமலேயே அப்பிணைப்பைப் பிரிக்கிறது. மனிதரிடம் அந்நொதி இல்லை. ஏறத்தாழ 30 நியூக்ளியோடைடுகள் (காரம் தாங்கிய இழை அலகுகள்) கொண்ட துண்டையே வெட்டியெறிந்து புதிதாக நிரப்ப வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்பு டி.என்.ஏ.வோடு முடிகிறது என்று விடையை நிறுத்திவிடுவோரும் உண்டு. செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமும் சரிபார்க்கிறது. செய்தி ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துக் குறியீடும், அமினோ அமிலம் கொணரும் ஆர்.என்.ஏ.வின் எதிர்க்குறியீடும் இணைந்த வடிவத்தை அது எவ்வாறு அளந்தறிகிறது என்பதை விளக்கியவர்களுள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஆயினும் டி.என்.ஏ. நகலில் இறுதியாக எஞ்சும் பிழை ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்றால், புரத உருவாக்கத்தில் சில ஆயிரத்துக்கு ஒன்று நேர்கிறது. பிழையான புரதம் சிதைக்கப்பட்டுவிடும், சந்ததிக்குச் செல்லாது.