மண் வளமாகிவிட்டது என்று எழுதுவதற்கு முன்: மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழுவுரம், பசுந்தாள் உரம், மூடாக்கு, உழவைக் குறைத்தல் என்று மண்ணை வளமாக்கும் வழிகள் பல. மண் மேம்பட்டதா என்பது ஒரு கேள்வி. அந்த மேம்பாட்டுக்கான விலையை யார், எங்கே கொடுத்தார்கள், அது எத்தனை காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்தே இரண்டாவதையும் முடித்துவிடுவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் ஆணிவேர்.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். உழாத நிலத்தில் பயிர்க்கழிவு மேலேயே மட்குவதால் கரிமச்சத்து, அதாவது மண் வளத்துக்கு அளவுகோலாகப் பார்க்கப்படும் மட்கிலுள்ள கரிமம் (கார்பன்), மேல்மண்ணில் குவிகிறது. உழுத நிலத்தில் கலப்பை இறங்கும் ஆழம் வரை கலந்து கிடக்கிறது. மேல் 10 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் உழாத நிலம் சுலபமாக ஜெயித்துவிடும். 60 செ.மீ. வரை தோண்டினால் அந்த வித்தியாசம் பல இடங்களில் சுருங்கிவிடும். குறைந்தது 30 செ.மீ., முடிந்தால் அதற்கும் கீழே, அடுக்கடுக்காக மாதிரி எடுங்கள்.

அடுத்தது மண்ணின் அடர்த்தி. ஆய்வகச் சீட்டில் உள்ள கரிமச் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் மண் 1.3 கிராம், கரிமம் 1 சதவீதம் என்றால், 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேரில் 39 டன் கரிமம். தொழுவுரம் இட்டு மண் பொலபொலப்பாகி அடர்த்தி 1.2 ஆகிறது, கரிமம் 1.05 சதவீதமாகிறது என்று வையுங்கள். சீட்டில் ஏற்றம், ஆனால் அதே 30 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் 37.8 டன்தான். இழப்பு என்று பதற வேண்டாம். மண் உப்பியதால் பழைய 30 செ.மீ. மண் இப்போது 32.5 செ.மீ. நிற்கிறது. அதுவரை அதே சதவீதம் இருந்தால் கிட்டத்தட்ட 41 டன். ஆழத்துக்கு ஆழம் பார்க்காமல் எடைக்கு எடை ஒப்பிட வேண்டும்.

மாதிரி எடுக்கும் பருவத்தையும் பரிசோதனை முறையையும் இடையில் மாற்றாதீர்கள். சுண்ணாம்பு நிறைந்த மண்ணை அமிலத்தால் கழுவாமல் எரித்து அளந்தால், சுண்ணாம்பிலுள்ள கரிமமும் சேர்ந்துவிடும். அப்புறம், பக்கத்தில் பழைய முறையிலேயே ஒரு பாத்தியை விட்டு வைக்காமல் முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால், நல்ல மழையின் புண்ணியம்கூட உங்கள் முறையின் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டு ஆண்டில் தீர்ப்பு எழுதுவதும் அவசரம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1852 முதல் 1871 வரை தொழுவுரம் இட்டு நிறுத்திய ஒரு வாற்கோதுமைப் பாத்தி உண்டு. நூறாண்டு கடந்தும், எதுவுமே இடாத பாத்தியைவிட அதில் கரிமம் கூடுதலாக இருந்தது. ஆனால் தொடர்ந்து உரம் பெற்ற பாத்தியைவிட வெகுவாகக் குறைவு. சேர்ந்தது மெல்லக் கரையும், நிறுத்தினால் தங்காது என்ற இரண்டையும் அந்தப் பாத்தி காட்டுகிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது வயலின் வரப்போடு கணக்கை முடித்துக்கொள்வது. வேறு வயலின் வைக்கோலையும் சாணத்தையும் கொண்டுவந்து கொட்டினால், இந்த மண் உயரும், அந்த மண் இளைக்கும். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதைச் சம்பாத்தியம் என்று சொல்ல முடியுமா? தழைச்சத்துத் (நைட்ரஜன்) தேவையை முழுக்க எருவால் ஈடுகட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பயிருக்கு வேண்டியதைவிட மிஞ்சும். மழைநீரோடு ஓடி ஏரி குளங்களில் பாசியை வளர்க்கும். தழைச்சத்து மிகுந்த ஈரமண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். எடைக்கு எடை பார்த்தால், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உழவை விட்டவர் களைக்கொல்லியைக் கூட்டினாரா, மண்ணை மூடி வைக்க வளர்த்த மூடுபயிர் அடுத்த பயிரின் தண்ணீரைக் குடித்ததா, விளைச்சல் குறைந்ததா? இதெல்லாம் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

கடைசியாக, அந்த முறையைத் தொடர்பவர்களை மட்டும் பேட்டி எடுப்பது. பாதியில் விட்டவர்களையும் தேடிப் போங்கள். ஆள் கிடைக்கவில்லையா, குத்தகை நிலம் கைமாறியதா, மானியம் நின்றதா, எருவின் விலை கட்டுப்படியாகவில்லையா என்று கேளுங்கள். அவர்கள் நிலத்திலும் அதே ஆழத்தில் மண் எடுத்துப் பாருங்கள்.