கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்புதல்: அறுபதைக் கடந்தவர்களுக்கான கால்வலுப் பயிற்சி

முதுமையில் ஒருவர் தம் அலுவலைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்வதற்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டால், கால்வலு என்றே நான் சொல்வேன். பிரஷரையும் சீனியையும் தவறாமல் அளக்கின்ற நாம், சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடிகின்றதா என்பதை அளப்பதில்லை. நடுவயதிலேயே மெல்லக் குறையத் தொடங்கும் தசையை எண்பது வயதிலும் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் அம்மாவுக்காகத் தொடங்கி, இன்றுவரை நடைபெறும் ஒழுங்கு இது. நெஞ்சுவலி உள்ளவர்களும் அண்மையில் இடுப்பிலோ முழங்காலிலோ சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

முதற்படி: கதிரை. ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர், அதாவது 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடியில்லாத மரக்கதிரையே சிறந்தது. பிளாஸ்ரிக் கதிரையை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். டைல்ஸ் தரையில் அதன் கால்கள் வழுக்கி விரியும். செற்றி அதைவிட மோசம், ஏனெனில் அது ஆளை உள்ளே இழுத்துவிடும். கதிரையின் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும்.

இரண்டாம் படி: அளவு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுமையாக எழும்பி அமர முடிகின்றது என்று எண்ணுங்கள். ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் அட்டவணையின்படி, 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் 14 தடவைக்கும் பெண்கள் 12 தடவைக்கும் குறைவாகச் செய்தால் அது சராசரிக்குக் கீழ். 70 முதல் 74 வயது வரை அவ்வெல்லை முறையே 12, 10. எண்ணிக்கையைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: எழும்பும் முறை. அம்மாவுக்கு நெடுநாள் வசப்படாதது இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். எழும்ப முடியாதவர்கள் பெரும்பாலும் கால்களை முன்னே நீட்டி, முதுகைப் பின்னே சாய்த்து, தொடையைக் கைகளால் அழுத்தியே முயல்வார்கள். அந்நிலையில் உடலின் பாரம் பாதத்திற்குப் பின்னால் கிடப்பதால் எவ்வளவு வலு இருந்தாலும் எழும்புதல் கடினமே. எனவே முதலில் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர வேண்டும். பின்னர் பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிக்கால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை உடலை இடுப்பிலிருந்து முன்னே சாய்த்தால், பாரம் பாதத்தின் மேல் ஏறிவிடும்; அப்போது நிலத்தைப் பாதங்களால் அழுத்தி எழும்புங்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சரியக் கூடாது.

அமர்வது அதிலும் முக்கியமானது. தொப்பென்று விழாமல், மனத்துள் நான்கு எண்ணும்வரை மெல்ல இறங்க வேண்டும். இறங்கும்போது பாரத்தைத் தாங்கும் தொடைத் தசைதான் படியிறங்கும்போதும் நம்மைத் தாங்குகின்றது. எட்டு அல்லது பத்துத் தடவை செய்து, ஓரிரு நிமிடம் ஆறி, மீண்டும் ஒரு சுற்று. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

நான்காம் படி: சமநிலை. சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் கதிரையின் முதுகை வைத்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் விரல்களோடு தொடுத்து நில்லுங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழுந்துவிடும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம். வெறுங்காலோடோ குதியைப் பிடிக்கும் பட்டியுள்ள செருப்போடோ செய்யுங்கள். பாட்டாச் செருப்பு வேண்டாம்.

ஐந்தாம் படி: நடை. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைக் கேட்கின்றது. கடற்கரை மணல் ஒருபக்கம் சரிந்து கிடப்பதால், தொடக்கத்தில் டச்சுக்குடாவை ஒட்டிய வீதியே மணலைவிட நல்லது. கால் தேறியவர்கள் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை ஏறலாம். இடையில் மான்களைப் பார்க்கும் சாட்டில் இளைப்பாறவும் முடியும். ஆயினும் சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் கோவிலுக்கு விடியற்காலையிலேயே செல்ல வேண்டும், ஏனெனில் கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வெயிலேறிய தரையில் வெறுங்காலுடன் நடந்தால் கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

தசை வளர உணவும் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகின்றது. இடியப்பமும் சொதியும் மட்டுமான இராச்சாப்பாடு அதற்குப் போதாது. அதனோடு ஒரு முட்டையோ, சூடை மீனோ, அவித்த பயறோ சேர வேண்டும். கருவாட்டை நம்ப வேண்டாம், உப்பு அதிகம். சிறுநீரக நோயாளர் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது.

பிற்சேர்க்கை: முழங்கால் நோவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மடித்த போர்வையை இருக்கையில் இட்டு உயரத்தைக் கூட்டித் தொடங்கி, நோவு குறையக் குறைய மடிப்புகளை எடுத்துவிடுங்கள்.

மற்றொன்று: எழும்பியதும் தலை சுற்றுவதாக, பிரஷர் மாத்திரை எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவ்வாறானால் பயிற்சியை நிறுத்தி, படுத்திருக்கையில் ஒருமுறையும் எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷரை அளவுங்கள். நிற்கும்போது மேலெண், அதாவது இரண்டில் பெரிய எண், படுத்திருந்தபோது இருந்ததைவிட 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அக்குறிப்பைக் கிளினிக்குக்குக் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.