இளையோர் ஃபேன்டஸி நாவலை எடைபோடுவது எப்படி? புது வாசகர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு ஃபேன்டஸி நாவலை முடித்த கையோடு "செம" என்கிறோம், இல்லாவிட்டால் "ரெண்டாம் பாகத்துக்கு மேல மொக்கை" என்கிறோம். ஏன் என்று யாராவது கேட்டால் கதைச்சுருக்கத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறோம். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணத்தைப் புத்தகத்துக்குள்ளேயே தேடிப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, பெரிய இலக்கியப் படிப்பெல்லாம் தேவையில்லை. ஒரு பென்சில், ஒரு நோட்டு, மனதில் ஒரே ஒரு கேள்வி: இதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்?

இந்த வகை நாவல்கள் நம்மை ஏமாற்றும் இடங்களைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் கதாபாத்திரம் கொடுத்த விலையை ஆசிரியரே பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். டிராகன் எத்தனை, போர் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கீழே சில நாவல்களின் முக்கியமான திருப்பங்கள் வருகின்றன. எர்த்சீ, எரகான், ஹாரி பாட்டர், ஹங்கர் கேம்ஸ் இவற்றை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் படி 4 முதல் 6 வரையும் படி 8-இல் வரும் எரகான் உதாரணத்தையும் தாண்டிவிடலாம்.

படி 1: வயதை எடுத்துவிட்டுப் பாருங்கள்

இளையோர் நாவல் என்று பதிப்பகங்கள் சொல்வது ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை உள்ள வாசகர்களுக்கானதை. நாயகிக்கு பதினாறு வயது என்று அட்டையில் போட்டுவிட்டால் மட்டும் அது இளையோர் நாவல் ஆகிவிடாது. அவளுக்கு முப்பது வயது என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கதை கொஞ்சமும் அசையாமல் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் வயது வெறும் லேபிள்.

ஃபிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) நாவலில் அந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது. அந்த உலகத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் 'டீமன்' என்று ஒரு துணை உண்டு, உடலுக்கு வெளியே விலங்கு வடிவில் நடமாடும் ஆன்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் டீமன் நினைத்த நேரத்தில் உருவம் மாறும், அந்துப்பூச்சி, பூனை, எலி, எது வேண்டுமானாலும். பருவ வயது வந்ததும் ஏதோ ஒரு உருவத்தில் நிலைத்துவிடும், பிறகு மாறாது. வளர்வது என்றால் என்ன, அதில் எது கைவிட்டுப் போகிறது என்பதை ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிற உலகம் அது. வில்லன்கள் ஏன் குழந்தைகளைக் குறிவைக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே கிளைக்கிறது.

மறுபக்கம், பதினேழு வயதிலேயே நகரத்தின் கள்ளச்சந்தையை ஆட்டிப்படைக்கும் கும்பல் தலைவன், பதினெட்டு வயதில் தளபதி என்று வரும் நாவல்கள். சில அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைப் படிக்கும்போது, பதிப்பாளர் கேட்டதால் எல்லோருக்கும் பத்து வயதைக் குறைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

படி 2: முதல் முப்பது பக்கத்தில் பென்சிலை எடுங்கள்

ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு உலகத்தை விளக்கும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு கோடு போடுங்கள். முப்பது பக்கம் முடிந்ததும் கோடுகளை ஒரு பார்வை பாருங்கள், அவ்வளவுதான்.

ஏமாற்றும் தொடக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் ஒரு வரைபடம், அப்புறம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த போரைப் பற்றி ஒரு முன்னுரை, அப்புறம் ஐந்து ராஜ்யங்களின் பெயர். நாயகி இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

மறுபடியும் புல்மனையே எடுக்கிறேன், ஏனென்றால் தொடக்கம் எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. லைரா என்ற சிறுமி, ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றில் பெண்கள் நுழையக்கூடாத அறைக்குள் திருட்டுத்தனமாகப் போகிறாள். அவளுடைய டீமன் இருட்டில் தெரியாமலிருக்க கரும்பழுப்பு அந்துப்பூச்சியாக மாறியிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டதும் ஒளிகிறாள், ஒளிந்த இடத்திலிருந்து கல்லூரித் தலைவர் ஒயின் குடுவைக்குள் வெள்ளைப் பொடியைக் கொட்டுவதைப் பார்த்துவிடுகிறாள். அந்த ஒயின் அவளுடைய மாமாவுக்காக வைக்கப்பட்டது. டீமன் என்றால் என்ன என்று இதுவரை யாரும் வகுப்பெடுக்கவில்லை. வேலைக்காரரின் டீமன் நாய் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது, அந்த உலகத்தின் வர்க்க வேறுபாடு முழுவதும் அதில் தெரிந்துவிடுகிறது. லைரா வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வாள், மூடிக்கொண்டால் மாமா செத்துப்போவார். முதல் அத்தியாயத்திலேயே விலைச்சீட்டு மாட்டியாகிவிட்டது.

படி 3: மந்திரத்துக்கு வரவு செலவு எழுதுங்கள்

நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மந்திரம் என்ன கொடுக்கிறது, வலப்பக்கம் என்ன எடுத்துக்கொள்கிறது. படிக்கப் படிக்க நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

கார்த் நிக்ஸின் 'சப்ரியேல்' (1995) இந்தப் பயிற்சிக்கென்றே எழுதியதுபோல இருக்கும். பதினெட்டு வயது நாயகி, இறந்தவர்களை மரணத்துக்குள் திருப்பி அனுப்பும் குடும்பத்தில் பிறந்தவள். ஆயுதம் ஏழு மணிகள், நாக்கு அசையாதபடி தோல் உறைகளில் வைத்து மார்போடு கட்டிக்கொள்வாள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு ஆபத்து. முதல் மணி கேட்பவரைத் தூங்கவைக்கும். இரண்டாவது இறந்தவரை எழுப்பும், ஆனால் கேட்பவர் உயிரை நோக்கி எவ்வளவு வருகிறாரோ அவ்வளவு தூரம் அடிப்பவர் மரணத்துக்குள் தள்ளப்படுவார். ஏழாவது மணி, கேட்கும் எல்லோரையும் மரணத்துக்குள் ஆழமாக எறிந்துவிடும், அடித்தவரையும் சேர்த்து. இதை ஆசிரியர் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அதனால் ஏழாவது மணியை ஒருவர் கையில் எடுக்கும்போது அவர் எதற்குத் தயாராகிவிட்டார் என்று விளக்கவே தேவையில்லை, நமக்கே புரிந்துவிடும். எடுப்பது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் விக்கிரமாதித்தனின் தலை வெடித்துச் சிதறும், பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு வரி விதி, அதை வைத்துக்கொண்டு அத்தனை கதைகள்.

எப்போது ஏமாற்றம் வரும் என்றால், வலப்பக்கம் காலியாகவே கிடக்கும்போது. அல்லது முந்நூறு பக்கம் ஒழுங்காக நிரம்பி வந்துவிட்டு, கடைசிச் சண்டையில் தோழி சாய்ந்ததும் நாயகியின் உடம்பிலிருந்து இதுவரை இல்லாத வெள்ளை ஒளி பீறிட்டு எதிரிப்படை மொத்தமும் சாம்பலாகும்போது. அழுகையும் ஆத்திரமும் வந்தால் சக்தி பெருகும் என்று முன்பே விதி இருந்தால் சரி, அந்த நிமிடத்தில் முளைத்தால் அது ஆசிரியரின் அவசரம். நோட்டில் அந்தப் பக்க எண்ணைக் குறித்துவையுங்கள், கடைசிப் படியில் உதவும்.

படி 4: காயத்தின் பின்னால் போங்கள்

இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கதாபாத்திரத்துக்கு ஏற்படும் பெரிய இழப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கதை முடியும்வரை என்ன ஆகிறது என்று பின்தொடருங்கள். உடம்புக் காயமாக இருந்தால் இன்னும் சுலபம்.

அர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) நாவலில் கெட் என்ற மாணவன், மந்திரப் பள்ளியில் சக மாணவனிடம் வீம்புக்கு இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். ஆவி வருகிறது, கூடவே அந்த அழைப்பால் உலகத்தில் விழுந்த கிழிசல் வழியாக ஒரு கருநிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. உலகத்தில் விழுந்த அந்தக் கிழிசலை மூடுவதற்காகப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தன் சக்தி முழுவதையும் கொடுத்துச் செத்துப்போகிறார். கெட் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து எழுந்தபோது முகத்தில் தழும்பு, துடுக்கு போய்விட்டது, கூடப் படித்தவர்கள் முன்னேறிப் போய்விட்டார்கள். அடுத்த நாவலில் வேறொரு பெண்ணின் பார்வையில் அவனைச் சந்திக்கும்போதும் அந்தத் தழும்பு முகத்தில் இருக்கிறது. லெ குவின் அவனுக்கு எதையும் சும்மா திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால்தான் அந்தச் சின்ன நாவல் அவ்வளவு கனமாக இருக்கிறது.

இப்போது கிறிஸ்டோபர் பவோலினியின் 'எரகான்'. பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்தவர், பெரிய பதிப்பகம் வழியாக 2003-இல் வெளிவந்து உலகமெங்கும் விற்றது. இதைக் கேலி செய்வது சுலபம், நான் அதற்காக எடுக்கவில்லை. பிடித்ததும் ஏமாற்றியதும் ஒரே தொடருக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால் எடுக்கிறேன்.

முதல் பாகத்தின் இறுதிச் சண்டையில் நாயகன் எரகானின் முதுகு வாளால் பிளக்கப்படுகிறது. இரண்டாம் பாகமான 'எல்டெஸ்ட்' (2005) நாவலில் அந்தக் காயத்தின் வலி திடீர் திடீரென்று அவனைச் சுருட்டிப் போடுகிறது, வாள் பயிற்சியில் எல்ஃப் (மனிதரைவிடப் பலமும் வேகமும் கொண்ட மாய இனம்) ஒருவனிடம் தோற்று ஏளனத்துக்கு ஆளாகிறான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவன் எப்படிப் போருக்குப் போவான் என்ற கேள்வி உண்மையிலேயே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எல்ஃப்களின் திருவிழா ஒன்று வருகிறது. மாய டிராகன் ஒன்று தோன்றி அவனைத் தொடுகிறது. தழும்பு போச்சு, வலி போச்சு, கூடுதலாக எல்ஃப்களின் பலமும் வேகமும் அழகும் கிடைத்துவிடுகிறது! நூற்றுக்கணக்கான பக்கங்கள் கட்டிய கேள்வி ஒரே இரவில் கரைந்துவிடுகிறது. அவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆனால் அதே பவோலினிதான் எல்வாவையும் எழுதினார். முதல் பாகத்தில் ஒரு கைக்குழந்தையைத் தீங்கிலிருந்து காக்கும்படி எரகான் மந்திர மொழியில் ஆசி சொல்கிறான். இலக்கணப் பிழையால், பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை மற்றவர்களைப் பாதுகாக்கும் கேடயமாகிவிடுகிறது. சுற்றியுள்ள எல்லோருடைய வலியும் அதற்குத் தெரியும், தடுக்கச் சொல்லி உள்ளிருந்து உந்தும். சாபத்தை நீக்க எரகான் பின்னால் முயலும்போதும் பாதிதான் நீங்குகிறது. என்னைக் கேட்டால் தொடர் முழுவதிலும் சிறந்த பகுதி இதுதான், டிராகன்களைவிட.

இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர்தான், மந்திரமும் ஒன்றுதான்.

படி 5: தீர்க்கதரிசனம் வந்தால்

இவன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று நட்சத்திரமோ கிழவியோ சொல்லிவிட்டால் உடனே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தீர்க்கதரிசனம் நாயகனின் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகத்தில் (2003) தெரியவரும் விஷயம் நல்ல உதாரணம். அந்த வாக்கு நெவில் என்ற, யாரும் கண்டுகொள்ளாத பையனுக்கும் பொருந்தியிருக்கும், வில்லன் வால்டெமார்ட் ஹாரியைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியதால்தான் அது ஹாரியுடையதாயிற்று. நெவில் அதற்குப் பிறகு வேறு மாதிரி தெரிகிறான்.

படி 6: முக்கோணக் காதலில் மூன்றாவது ஆள் எதற்கு?

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் கதையின் முடிவு மாறுமா? மாறாது என்றால், அவன் பச்சைக் கண்ணோடு அடுத்த பாகம் விற்பதற்காக நிற்கிறான்.

ஹங்கர் கேம்ஸ் வரிசை ஃபேன்டஸி அல்ல, எதிர்காலக் கதைதான், ஆனாலும் இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நாயகி காட்னிஸுக்கு கேல், பீட்டா இருவரில் யார் என்பது கடைசிப் பாகத்தில் (2010) முத்தங்களால் முடிவாவதில்லை. கேல் வகுக்க உதவிய குண்டுத் தந்திரம், அதே மாதிரியான குண்டில் சாகும் காட்னிஸின் தங்கை, அது அவனுடையதா இல்லையா என்று இருவருக்குமே கடைசிவரை தெரியாமல் போவது, இதற்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அவள் அவனை விட்டு விலகியதற்கு அழகோ ஆசையோ காரணமல்ல.

படி 7: தொடரின் நடுப்பாகம்

சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டாம் பாகம் முடிந்ததும், இனிமேல் பழையபடி மாறவே முடியாதது எது என்று ஒரே வரியில் எழுதப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் நீங்கள் படித்தது பயணச் செலவு. மூன்றாகத் திட்டமிட்ட தொடர் நான்காக நீண்டால் (எரகான் தொடருக்கே அது நடந்தது) கொஞ்சம் உஷாராக இருங்கள், எப்போதும் மோசமாகும் என்றில்லை.

படி 8: இப்போது எழுதுங்கள்

நோட்டைத் திறந்து, பிடித்த ஒரு இடம், ஏமாற்றிய ஒரு இடம், இரண்டை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எழுத ஆசைப்பட்டால் மறுபடி கதைச்சுருக்கத்தில்தான் போய் நிற்பீர்கள். "கதாபாத்திர வளர்ச்சி சரியில்லை" என்பதுபோன்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள், எந்தப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். அதற்குப் பதிலாக: "எரகானின் முதுகுக் காயம் திருவிழா இரவில் இலவசமாக ஆறிவிடுகிறது, அதற்குப் பிறகு அவன் வாளை எடுக்கும்போது எனக்குப் பயம் வரவில்லை." எந்தக் காட்சி, என்ன நடந்தது, படித்தவருக்கு என்ன ஆயிற்று, மூன்றும் அதில் வந்துவிட்டன.

திருப்பத்தை உடைக்க வேண்டியிருந்தால் அதற்கு முன் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள். நட்சத்திர மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம், நான் போடுவதில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்டால் எர்த்சீயில் தொடங்குங்கள். இருநூறு பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும், ஒரு வார இறுதிக்குள் நோட்டோடு முடித்துவிடலாம். அப்புறம் சப்ரியேல். எரகானைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுங்கள், நடுவில் நிறுத்தினால் காயத்தின் கணக்கு முடியாது.