ட்ரெய்லர் இழுக்க டீசலா, கேஸா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

டெக்சாஸ் வந்து இரண்டாவது சம்மரிலேயே, "நாமும் ஒரு பிக்அப் வாங்கி, பின்னால் இழுத்துப்போகிற சக்கர வீடான கேம்ப்பரை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பலாமே" என்று ஆசை வந்திருக்கும். எனக்கும் வந்தது. 9,000 டாலரைத் தின்றுவிட்டுத்தான் அடங்கியது.

நாமக்கல்காரன் நான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அப்பா இருபது வருஷம் லாரி வைத்திருந்தார். இழுவை என்றால் டீசல் என்பது எங்கள் வீட்டில் யாரும் பேசி முடிவு செய்த விஷயம் இல்லை. சோறு என்றால் அரிசி மாதிரி. அந்த நினைப்பைத்தான் இங்கேயும் கொண்டுவந்தேன்.

ஊர்க் கணக்கில் முதலில் உடைவது விலை. இங்கே கேஸ் என்றால் சிலிண்டர் இல்லை, பெட்ரோல். டீசல் பெரும்பாலும் அதைவிட விலை அதிகம். மத்திய வரியே கேலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். புது வண்டியில் டீசல் இன்ஜின் கேட்டால் ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். ஆயில் மாற்றினால் 12, 13 குவார்ட் (ஒன்று கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) குடிக்கும். புகையைச் சுத்தமாக்க டெஃப் வேறு ஊற்ற வேண்டும், நம்ம ஊர் டிரைவர்கள் யூரியா என்று சொல்வார்களே, அதுதான். ஆபீஸ் நாலு மைலில் இருந்தால் இன்ஜின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். புகைக்கரியை எரிக்க வழியில்லாமல் ஃபில்டர் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். பங்கில் பச்சைக் குழாய்தான் டீசல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், சில இடங்களில் பெட்ரோல் குழாயும் பச்சை. எழுத்தைப் படியுங்கள்.

டெக்சாஸில் காகித வேலை குறைவு. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டுக்குள் இருந்தால் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் போதும். கேம்ப்பருக்குத் தனி நம்பர் பிளேட். 4,500 பவுண்டுக்கு மேல் என்றால் ட்ரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷனும் கிடையாது.

இனி என் கதை. முக்கால் டன் டீசல் (அது வகையின் பெயர்தான், சுமக்கும் எடை இல்லை), நாலு கதவு, தோல் சீட், மேலே கண்ணாடிக் கூரை, பழைய வண்டி. விற்றவரிடம் 11,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் கேம்ப்பரை, அதாவது பிக்அப்பின் பின்தொட்டிக்குள் மாட்டுகிற பெரிய வகையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "டீசல் சார், பின்னாடி ஒன்று இருப்பதே தெரியாது." அவர் சொன்னது பொய்யில்லை. டாலஸிலிருந்து கால்வெஸ்டன் வரை வெண்ணெயில் கத்தி போனமாதிரி போனது. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தது, ஹெட்லைட் எதிரே வருகிறவர்களின் முகத்தில் அடித்தது. பெருமையில் அதைக் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி வீடியோ காலில் அப்பாவுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினேன். இன்ஜின் எத்தனை லிட்டர், என்ன டார்க் (முறுக்கு விசை) என்று நான் அளந்துகொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆர்.எல்.டபிள்யூ எவ்வளவு சாமி? எங்கயும் எழுதிக் காணோமே?"

ஊரில் லாரி பக்கவாட்டில் யு.எல்.டபிள்யூ, ஆர்.எல்.டபிள்யூ என்று பெயிண்டில் எழுதியிருக்குமே, வெறும் வண்டி எடை, லோடோடு அனுமதித்த எடை, அது. இங்கே அதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற தூணில் ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். மொத்தம் 10,000 பவுண்ட். பக்கத்தில் மஞ்சள் பட்டை போட்ட இன்னொரு ஸ்டிக்கர்: ஆட்களும் சாமானும் சேர்ந்து 2,061 பவுண்டைத் தாண்டக் கூடாது.

விளம்பரத்தில் வருவது இழுக்கும் எடை. ஆனால் ட்ரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை உங்கள் வண்டியின் முதுகிலும் வைக்கிறது. பம்பருக்குக் கீழே மாட்டுகிற ட்ரெய்லர் என்றால் 10 முதல் 15 சதம். பின்தொட்டிக்குள் மாட்டுகிற ஃபிஃப்த் வீல் என்றால் 15 முதல் 25 சதம். என் கேம்ப்பருக்கு 20 சதம் வைத்தாலே 2,200. நாங்கள் நாலு பேர் 620. ட்ரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் 180. குக்கர், கிரைண்டர், விறகு 150. டீசல் இன்ஜினே பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்ட் கனம், மேல்விலை மாடலின் கூரையும் சீட்டும் அதற்கு மேல். அத்தனையும் அந்த 10,000-க்குள்தான் அடங்க வேண்டும். அதாவது கூடுதல் காசு கொடுத்து, சுமக்கும் சக்தியைக் குறைத்து வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் நெடுஞ்சாலையோரம் ட்ரக் ஸ்டாப்பில் இருந்த கேட் ஸ்கேலில் ஏற்றினேன். நம்ம ஊர் எடை மேடைதான், ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனித்தனித் தட்டு. பட்டன் பெரிய லாரிக்காரர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது, இறங்கிப்போய் எம்பி அமுக்கினேன். கம்பெனி பெயர் என்ன என்று ஸ்பீக்கரில் கேட்டார்கள். குடும்பம் என்றேன். சீட்டில் வண்டியின் இரண்டு ஆக்ஸிலும் சேர்த்து 11,080. ஓவர்லோடுக்கு ஆர்.டி.ஓ.விடம் கைகட்டி நின்ற அப்பாவைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். அவரிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் ஆனது.

விற்றவரிடம் போனேன். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார். கேம்ப்பரை ஏழாவது மாதம் நஷ்டத்துக்குத் தள்ளினேன். அந்த 9,000 இதுதான்.

ஆகவே முதலில் கேம்ப்பர், பிறகு அதன் எடை, பிறகு ஸ்டிக்கர், கடைசியில் இன்ஜின். வருஷத்துக்கு நாலைந்து வாரயிறுதி, 7,000 பவுண்ட், டெக்சாஸ் சமவெளி என்றால் பெட்ரோல் வண்டியே தாராளம். கொலராடோ மலைக்கு அடிக்கடி போகிறவர் டீசல் வாங்கலாம். ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதம் மூச்சை இழக்கும், டீசலுக்கு டர்போ இருப்பதால் அந்தக் கஷ்டம் குறைவு. இறக்கத்தில் புகைப்போக்கை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கிற சுகத்தையும் ஒத்துக்கொள்கிறேன். பெரிய ஃபிஃப்த் வீல்தான் வேண்டுமென்றால் அடுத்த பெரிய வகையான ஒரு டன் வண்டிக்குப் போங்கள்.

டீசல் வண்டியை விற்க மனசு வரவில்லை. இப்போது பின்னால் 7,000 பவுண்ட் ட்ரெய்லர். போன மாதம் மறுபடி எடை போட்டேன், 9,700. சீட்டைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "இன்னும் 300 கெடக்குதே, உங்கம்மாவயும் கூட்டிட்டு வந்தர்றேன்" என்று பதில் வந்தது.