ஆர்பிட்ரேஷன் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் ஏர்கோன் பொருத்தும் குத்தகையாளர் ஒருவர், ஜார்ஜ்டவுனில் நான் வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். வர வேண்டிய பாக்கி 186,000 வெள்ளி (ரிங்கிட்). "ஆர்பிட்ரேஷன் போட்டு ஏழு மாசம் ஆச்சுங்க, ஒரு பதிலும் இல்ல" என்றார். ஆர்பிட்ரேஷன் என்றால் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் ஒருவரிடம் சர்ச்சையை விட்டுத் தீர்ப்பு வாங்குவது. கோப்பைத் திறந்தால் வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படிகள். கடைசிச் செய்தி இது: "பாஸ், பணம் வரலைன்னா ஆர்பிட்ரேஷனுக்குப் போவேன்."

போவேன் என்று எச்சரித்தார். போகவில்லை. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை, சர்ச்சையை நடுவரிடம் விடக் கோரும் எழுத்துமூலக் கடிதம் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்த நாளில்தான் விசாரணை தொடங்குகிறது. நாம் எழுதிய நாளோ தபாலில் போட்ட நாளோ கணக்கில் வராது.

அதனால் நோட்டீஸை நோட்டீஸாகவே எழுதுங்கள். எந்த ஒப்பந்தம், அதில் எந்தப் பிரிவு, என்ன சர்ச்சை, எவ்வளவு தொகை, யாரை நடுவராக முன்மொழிகிறீர்கள் என்பது வரட்டும். ஆளை அனுப்பி நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். அந்தக் குத்தகையாளர் முதலில் கொடுத்த பெயர் கடைப் பலகையில் இருந்த பெயர். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்ததோ வேறொரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம். நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் கட்டி நிறுவன விவரத்தை எடுத்தால் சரியான பெயர், பதிவு எண், பதிவு முகவரி மூன்றும் கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் தவறான நிறுவனத்தின் மீது தீர்ப்பு வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று காலவரம்பு. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கோரிக்கைக்கு 6 ஆண்டுகள்தான். ஆர்பிட்ரேஷனுக்கும் அதே கணக்கு. தேநீர் குடித்துக்கொண்டே பேசித் தீர்ப்போம் என்று இழுத்தடிப்பதால் மட்டும் அந்தக் கணக்கு நிற்காது. சில ஒப்பந்தங்களில் முதலில் பேச்சுவார்த்தை, அப்புறம்தான் ஆர்பிட்ரேஷன் என்று படி வைத்திருப்பார்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் எதிர்த்தரப்பு அதையே ஆட்சேபணையாக்கும். அதனால் அந்தப் பேச்சுவார்த்தையைச் சீக்கிரம் நடத்தி, நடந்ததற்குக் கடிதச் சான்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியஸ்தம் என்ற நம் சொல்லும் குழப்புகிறது. நோட்டீஸில் பெங்ஙந்தாராஆன் என்று மலாயில் இருந்தால், அது இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது. ஒத்துவராவிட்டால் எழுந்து வரலாம். திம்பாங் தாரா என்றால் அதுதான் ஆர்பிட்ரேஷன். நடுவர் சொல்வது கட்டுப்படுத்தும் தீர்ப்பு. பிடிக்கவில்லை என்று மேல்முறையீடு செய்ய முடியாது. குறிப்பிட்ட சில காரணங்களுக்காக மட்டும், தீர்ப்பு கிடைத்த 90 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கும்போதே நீதிமன்றத்துக்கு ஓடுவதும் வீண் செலவு. எதிர்த்தரப்பு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 10ஆவது பிரிவைக் காட்டி வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கும். வழக்கு உங்கள் மீது வந்திருந்தால், எதிர்வாதம் தாக்கல் செய்யும் முன்பே அந்த மனுவைப் போடுங்கள். அடுத்த படி எடுத்துவிட்டால் உரிமை கைநழுவும்.

நடுவர் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். உள்நாட்டுச் சர்ச்சைக்கு ஒப்பந்தத்தில் எண்ணிக்கை இல்லையென்றால் சட்டப்படி ஒரே நடுவர்தான். மூவர் கேட்டால் மூவருக்கும் சம்பளம். கோயில் தலைவரையோ மைத்துனரையோ முன்மொழிந்தால், அந்த உறவை அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லியும் நடுநிலையில் சந்தேகம் எழுந்தால் ஆட்சேபிப்பார்கள். நடுவர் யார் என்று ஒத்துவரவில்லையா? கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் இருக்கும் ஆசிய அனைத்துலக ஆர்பிட்ரேஷன் மையமான ஏஐஏசியிடம் நியமிக்கக் கேட்கலாம். பழைய ஒப்பந்தத்தில் கேஎல்ஆர்சிஏ என்றிருந்தால் பதற வேண்டாம், 2018இல் பெயர் மாறிய அதே மையம்தான். ஒப்பந்தம் ஏஐஏசி விதிகளைச் சொன்னால் அங்கேயும் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். தொடங்கும் நாளையும் அந்த விதிகளிலேயே பாருங்கள்.

சின்னத் தொகைக்கு இந்தப் பாதையே வேண்டாம் என்பது என் எண்ணம். நடுவர் சம்பளத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு தன் பங்கைக் கட்டாவிட்டால் அதையும் நீங்களே சுமக்க நேரலாம். வாடிக்கையாளராக வாங்கிய பொருளோ சேவையோ என்றால், 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டுமான வேலைக்கான பாக்கி என்றால் கட்டுமானப் பணப் பாக்கிக்கென்றே இருக்கும் 2012ஆம் ஆண்டு சிப்பா (CIPAA) சட்டத்தின் வழியையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பணம் கைக்கு வர அது பெரும்பாலும் வேகமான வழி.

ஏர்கோன்காரரின் நோட்டீஸை நானே எடுத்துக்கொண்டு பிறை என்ற ஊரில் இருக்கும் எதிர்த்தரப்பு அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். தேதி மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு முறை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.