48 வயதில் சம்பளம் நின்றால் 60 வரை ஓட்டுவது எப்படி

தனியார் கம்பெனியின் நியமனக் கடிதம் ஓய்வு வயது 58 என்று சொல்லும். ஆட்குறைப்போ 48-லேயே வந்து நிற்கும். அப்போது பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "பி.எஃப். பணத்தை எதில் போட்டால் நல்ல வட்டி வரும்?" என்றுதான். அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. 60-க்கு மேல் பிழைப்பது ஒரு கணக்கு, நடுவில் இருக்கும் 12 ஆண்டுகளைக் கடப்பது வேறு கணக்கு. இந்த 12 ஆண்டில் கோட்டை விட்டால் 60-க்கு மேல் கணக்குப் போடப் பணமே மிஞ்சாது.

வீட்டுச் செலவு மாதம் ₹40,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கையில் ₹50 லட்சம். வட்டி 7 சதவீதம், விலைவாசி ஏற்றம் 6 சதவீதம். வேறு வருமானமின்றி இதிலிருந்தே எடுத்துச் செலவழித்தால் 11 ஆண்டில் பணம் காலி, அப்போது வயது 59. வட்டியை 8 சதவீதமாக்கிப் பாருங்கள், முழுதாக ஓர் ஆண்டுகூட நீளாது. அதே ஆள் மாதம் ₹20,000 சம்பாதித்து, விலைவாசியோடு அந்த வருமானமும் ஏறி, மீதியை மட்டும் சேமிப்பிலிருந்து எடுத்தால், 60 வயதில் ஏறத்தாழ ₹50 லட்சம் கையில் நிற்கும். அன்றைய ₹50 லட்சத்தில் இன்றைய ₹25 லட்சத்துக்கான பொருள்தான் வாங்க முடியும் என்பது உண்மை. ஆனாலும் பூஜ்யத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது. பழைய சம்பளத்தில் கால் பங்கு வந்தாலும் அந்த வேலையை மதிக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் செலவுத் தொகையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். மனக்கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். வங்கிக் கணக்கின் கடைசி 12 மாத அறிக்கையை எடுத்து, வெளியே போன மொத்தத்தை 12-ஆல் வகுங்கள். சொத்து வரி, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, சீர்வரிசை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதில் தானாக வந்துவிடும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு இரண்டையும் இந்த மாதக் கணக்கில் கலக்காதீர்கள். தனித் தொகையாக எழுதி, மொத்தச் சேமிப்பிலிருந்து இப்போதே கழித்துவிடுங்கள். மிச்சம்தான் உங்கள் ₹50 லட்சம்.

கையெழுத்துப் போடும் முன்

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் ரெக்கார்டுக்கு நல்லது" என்று மனிதவளப் பிரிவில் சொல்வார்கள். அன்றே எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் பிடி போய்விடும். நோட்டீஸ் காலச் சம்பளம், எத்தனை மாத இழப்பீடு, மிச்சமுள்ள விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகே கடிதம். கம்பெனி மின்னஞ்சல் கடைசி நாளோடு மூடப்படும், ஆகவே சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி வர வேண்டும். படிவம் 16, சம்பளச் சீட்டுகள், விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கிராஜுவிட்டியை நீங்களே கணக்கிட்டு வைத்திருங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம். ₹39,000 அடிப்படை, 17 ஆண்டு 8 மாதம் என்றால் ₹4,05,000 வரும். சட்டப்படி உச்சவரம்பு ₹20 லட்சம். கிராஜுவிட்டிக்கு 5 ஆண்டு சேவை வேண்டும் என்பது பொது விதி, ஆனால் அது நிறையாதவர்களும் சும்மா விட வேண்டியதில்லை. நாலு ஆண்டு முடித்து ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 30 நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறை உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

வேலையோடு போகும் மருத்துவக் காப்பீடு

பணத்தை விட இதுதான் அவசரம். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். 48 வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும், அதில்தான் லாபம். மாற்ற முடியாதென்றால், விலகும் முன்பே சொந்தமாகக் குடும்ப பாலிசி ஒன்றைத் தொடங்குங்கள்.

ஒரே பாலிசியில் ₹25 லட்சம் எடுத்தால் பிரீமியம் கடிக்கும். ₹5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி, அதைத் தாண்டும் செலவை ஏற்க ₹20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி என்று பிரித்தால் கணிசமாகக் குறையும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசுகிற முகவரிடம் இதை நினைவுபடுத்துங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைப்பது மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுத்து கிளெய்மை மறுப்பார்கள், அதுவரை கட்டிய பிரீமியம் வீண்.

பி.எஃப்.: எடுப்பதல்ல, சரி பார்ப்பதே முதல் வேலை

பி.எஃப். தளத்தில் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, பழைய கம்பெனிகளின் கணக்குகள் எல்லாம் ஒரே யு.ஏ.என். எண்ணுக்கு (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாறிவிட்டனவா, நாமினி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி இருக்கும்போதே பிழையைத் திருத்துவது எளிது, பத்து ஆண்டு கழித்து மூடிய கம்பெனியின் கையெழுத்துக்கு எங்கே போவது? விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசிச் சந்தா செலுத்தி 2 மாதம் கழிந்ததும் அதை நீங்களே தளத்தில் பதியலாம்.

அவசரம் இல்லையென்றால் பணம் அங்கேயே இருக்கட்டும். 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள், வங்கி வைப்புத்தொகையில் அந்த வட்டி எளிதில் கிடைக்காது. 55-க்கு முன் விலகியவருக்கு 58 வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு, வருமான வரிக் கணக்குத் தாக்கலில் காட்ட வேண்டும். முன்பெல்லாம் 2 மாதம் வேலையின்றி இருந்தாலே முழுத் தொகையையும் எடுக்கலாம். அதை 12 மாதமாக நீட்ட வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் வாரியம் 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. ஆகவே "பி.எஃப். வந்துவிடும்" என்று நம்பி அடுத்த மாதச் செலவைத் திட்டமிடாமல், குறைந்தது 12 மாதச் செலவை வங்கியில் தனியாக வைத்திருங்கள்.

பி.எஃப்.-இன் ஓய்வூதியப் பகுதியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மொத்தம் 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். 9 ஆண்டு 6 மாதம் ஆனாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். 8 ஆண்டு சேவையோடு நிற்பவர் 10சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் அந்த 8 ஆண்டும் அழிந்தது. அதே படிவத்தில், பணத்துக்குப் பதில் அந்தச் சேவையைக் காத்து வைக்கும் திட்டச் சான்றிதழ் (Scheme Certificate) கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்து பி.எஃப். பிடிக்கும் ஒரு வேலையில் 2 ஆண்டு சேர்ந்தாலே ஓய்வூதிய உரிமை வந்துவிடும். தொகை பெரிதல்ல, சம்பளத்தை சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். சம்பளத்துக்கு வரம்பு ₹15,000 என்பதால் 18 ஆண்டுக்கு ₹3,857. 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு வரம்பு ₹6,500 ஆகையால் இன்னும் குறையும். 50 வயதிலேயே கேட்டு வாங்கலாம்தான், ஆனால் ஓய்வூதிய வயதான 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் ஒழிய வேண்டாம்.

மிச்சப் பணமும் மிச்ச உழைப்பும்

முதல் ஆறு மாதம் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். மொத்தப் பணம் வந்த செய்தி சொந்தக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். மாதம் 2 வட்டி தருகிற நிதி நிறுவனம், டீக்கடை ஃபிரான்சைஸ், புறநகரில் மனை என்று வரிசையாக வருவார்கள். 2 வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். நேர்மையான தொழில் எதுவும் அந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தாங்காது. வங்கியில் போட்டாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு ₹5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு, கூட்டுறவு வங்கியில் மொத்தத்தையும் போடும் முன் இதை யோசியுங்கள். கடன் இருந்தால் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், நகைக்கடன் என்ற வரிசையில் அடையுங்கள். வீட்டுக்கடன் கடைசியில்தான். வேலையில்லாத நேரத்தில் கையிருப்பைக் கொட்டி அதை மூடினால், அவசரத்துக்கு மறுபடி கடன் கொடுக்க ஆள் இருக்காது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதுக்காரர்களுக்கு மட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். 55 நிறைந்து பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ₹30 லட்சம் வரை போடலாம், 2025-இல் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வரும். 53, 54-இல் ஆட்குறைப்புப் பேச்சு வந்தால், விலகும் தேதியைத் தள்ளிப் பேச இது ஒரு நல்ல காரணம்.

அந்த ₹20,000 எங்கிருந்து வரும்? அதே பதவி, அதே சம்பளம் தேடி ஓராண்டு விண்ணப்பிப்பதில் பலரின் கையிருப்பு கரைகிறது. மூன்று மாதத்துக்கு மேல் அந்தத் தேடலுக்குக் கொடுக்காதீர்கள். அம்பத்தூர், கிண்டி, கோவை குறிச்சி போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு கம்பெனிகளுக்கு அனுபவமுள்ள ஸ்டோர்ஸ் ஆளோ தரக் கட்டுப்பாட்டு ஆளோ தேவைப்படும், ஆனால் முழுச் சம்பளம் கட்டுப்படியாகாது. வாரம் இரண்டு நாள், மாதம் ₹8,000 என்று மூன்று கம்பெனிகளிடம் பேசினால் ₹24,000. முதல் ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம், அதற்குப் பழைய சப்ளையர்கள்தான் நல்ல வழி. நீங்கள் எப்படிச் சரக்கு எடுத்தீர்கள், பில்லை எப்படிப் பாஸ் செய்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆலோசகராகப் பணம் வாங்கினால், ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு ₹50,000-க்கு மேல் போகும்போது 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமானம் குறைவாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு ₹20 லட்சம் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.

மாதச் சம்பளத்துக்கே சேர்ந்தால் பழைய யு.ஏ.என். எண்ணைக் கொடுங்கள், புது எண் எடுக்க விடாதீர்கள். 58 வயதில் ஓய்வூதியம் தானாக வராது. 10டி படிவத்தை நீங்கள் கொடுத்தால்தான் வரும், திட்டச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.